பச்சைப் பிள்ளைக்கு என்ன பூர்வ கர்மம்?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோயென்றால், "பூர்வ கர்மம்" என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை யார் குடியைக் கெடுத்ததாம்?

1948-ல் பாஸ்டன் டாக்டர் ஃபார்பர், இந்நோயை மருந்தினால் தற்காலிகமாகவேனும் தணிக்கலாமென்று காட்டினார். அம்மருந்தைச் செய்த குழுவின் தலைவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ். இன்று மேல்நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையில் பத்துக்கு ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள்.

ஆனால் வைத்தியம் இரண்டு வருஷத்துக்கு மேல் நடக்கவேண்டும். முதல் சில மாதத்தில் பிள்ளை தெளிந்ததும் "அம்மன் கண் திறந்தாள்" என்று மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். முடி கொட்டுவதும் மருந்தால்தான், தெய்வக் குற்றத்தாலல்ல.

தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தகப்பனுக்குக் கூலி போயிற்று. தோஷம் பேசும் பந்துக்கள் வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடட்டுமே! திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ் சார்ஜாவது கொடுக்கட்டுமே!