மரக்கானாவில் மிச்சமிருந்த கணக்கு

2014, ஜூலை 13. பிரேசிலில் உலகக்கோப்பை இறுதிப்போட்டி நாள். இன்னும் சில மணி நேரத்தில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் அர்ஜென்டினாவும் ஜெர்மனியும் மோதப்போகின்றன. அர்ஜென்டினாவின் விங்கர் ஏஞ்சல் டி மரியா, காலில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டு நாள்களுக்கு முன்பு, பெல்ஜியத்துடனான காலிறுதியில் அவருக்குத் தொடைத் தசையில் அடி.

அப்போது ஒரு கடிதம் வருகிறது. அனுப்பியது, அவருக்குச் சம்பளம் கொடுக்கும் ரியல் மாட்ரிட் கிளப். ‘இந்தக் காலோடு ஆடாதே’ என்பதுதான் அதன் சாரம் என்பது அவருக்குத் தெரியும். கிளப் தன்னை விற்கப் பார்க்கிறது, அதனால்தான் இந்தக் கவலை என்று நினைத்தார். உறையைப் பிரிக்காமலேயே கிழித்துப் போட்டார். பின்னாளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

பிறகு பயிற்சியாளர் அலெஹாந்த்ரோ சபெல்லாவைத் தனியாகச் சந்தித்தார். “நான் ஆடுகிறேன்” என்று அடம்பிடிக்கவில்லை. யார் சரி என்று தோன்றுகிறதோ அவரையே இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் அழுதார். சபெல்லா, என்ஸோ பெரஸை இறக்கினார். 113-வது நிமிடத்தில் ஜெர்மனியின் கோட்ஸே கோல் அடித்தார். 0-1. டி மரியா வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை அந்த இடத்தோடு முடிந்திருந்தால்கூட யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், இந்த மனிதர் வளர்ந்த விதம் அப்படிப்பட்டதல்ல.

அம்மாவின் சைக்கிள், அப்பாவின் கரி

1988, பிப்ரவரி 14-ல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பிறந்தவர் டி மரியா. ஒரு நிமிடம் சும்மா இருக்காத பையன். டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். “பையனை ஃபுட்பால் ஆட விடுங்கள்” என்பதுதான் மருந்துச்சீட்டு!

அப்பா மிகேல், ரிவர் பிளேட் கிளப்பின் இரண்டாம் அணி வரை போனவர். முழங்கால் போனது, கனவும் போனது. இன்னொருவர் வீட்டுக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட, கடன் வாங்கியவர் கட்டாமல் விட, பாரம் மொத்தமும் இவர் தலையில் விழுந்தது. குடும்பம் கரி வியாபாரத்தில் இறங்கியது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு பிள்ளைகள் உட்கார்ந்து கரியை மூட்டை கட்டுவார்கள். வீட்டின் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகிவிட்டது.

தெருப் பக்கத்துக் குட்டி கிளப்பான டொரிட்டோவிலிருந்து, ரொசாரியோ சென்ட்ரல் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அதற்கு டொரிட்டோ வாங்கிய விலை, சில ஃபுட்பால்கள். பயிற்சி மைதானம் வீட்டிலிருந்து பல கிலோமீட்டர். அம்மா டயானா சைக்கிளில் மகனையும் சின்ன மகளையும் ஏற்றிக்கொண்டு மிதிப்பார். மழையும் குளிரும் அவரை நிறுத்தவில்லை.

ஒல்லிக்குச்சி உடம்பு. ‘ஃபிடியோ’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால், ‘சேமியா’! உயரப் பந்துக்குத் தலை கொடுக்காததற்காக ஒரு பயிற்சியாளர் எல்லோர் முன்னிலும் திட்ட, பையன் வீட்டுக்கு வந்து அழுதான். “நீ திரும்பப் போய், நீ யாரென்று காட்டு” என்று அனுப்பியவர் அம்மா.

வயது கூடியது, சீனியர் அணியில் இடம் கிடைத்தபாடில்லை. அப்பா மூன்று வழிகளைச் சொன்னார்: என்னோடு வேலைக்கு வா, இல்லை, படிப்பை முடி, இல்லை, ஃபுட்பாலில் கடைசியாக ஒரு வருடம் முயற்சி செய். “ஒரு வருடம் பார்க்கலாம்” என்றார் அம்மா. அந்த வருடத்தின் கடைசி மாதத்தில், 2005 டிசம்பரில், ரொசாரியோ சென்ட்ரல் சீனியர் அணியில் டி மரியா களமிறங்கினார்.

ஓரக்கோட்டின் ஓட்டக்காரர்

விங்கரின் வேலை மைதானத்தின் ஓரக்கோட்டையொட்டி ஓடுவது. எதிராளியை ஏமாற்றி முன்னேறி, நடுவில் காத்திருப்பவருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். கோல் அடித்தவருக்குக் கைதட்டு, கொடுத்தவருக்குக் களைப்பு. டி மரியாவுக்கு இடது கால்தான் எல்லாம். வலது காலால் உதைக்க வேண்டிய பந்தைக்கூட, இடது காலை வலது காலுக்குப் பின்னால் கொண்டுவந்து உதைப்பார்.

2007-ல் போர்ச்சுக்கலின் பென்ஃபிகா அவரை வாங்கியது. அப்பாவை வேலையை விடச் சொன்னார் மகன். 2010-ல் ரியல் மாட்ரிட். அங்கே ரொனால்டோ, பிறகு பேல் என்று ஓரங்களில் பெரிய பெயர்கள் வந்து உட்கார, பயிற்சியாளர் ஆஞ்சலோட்டி இவரை நடுக்களத்துக்கு மாற்றினார். முகம் சுளிக்காமல் ஓடினார். 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியின் கூடுதல் நேரத்தில், களைத்துப்போன அட்லெட்டிகோ வீரர்களைத் தாண்டி இவர் ஓடி அடித்த பந்து கோல்கீப்பர் மேல் பட்டுத் தெறிக்க, பேல் தலையால் முட்டி கோலாக்கினார். ஆட்ட நாயகன் டி மரியா. நடந்த இடம், அவருடைய பழைய வீடான பென்ஃபிகா மைதானம்.

மூன்றே மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கைமாறினார். விலை 59.7 மில்லியன் பவுண்டு. அன்றைக்கு பிரிட்டனில் எந்த வீரருக்கும் தரப்படாத தொகை. சில பந்துகளுக்கு விலைபோன அதே பையன்தான்! ஆனால், அந்த ஊர் ஒட்டவில்லை. குடும்பம் உள்ளே இருக்கும்போதே வீட்டில் திருட முயன்றார்கள். ஒரே சீசனில் பாரிஸுக்குக் கிளம்பினார். பி.எஸ்.ஜி-யில் 7 ஆண்டுகள், 295 ஆட்டங்கள். சக வீரர்கள் அடித்த 112 கோல்களுக்குப் பந்து கொடுத்தவர் இவர்.

“முக்கியமான நாளில் காணோம்!”

கிளப்பில் கோப்பைகள் குவிந்தாலும், தேசிய அணியில் நிலைமை வேறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் நைஜீரியாவின் கோல்கீப்பர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டு, தங்கம் வாங்கிக்கொடுத்தவர் இவர்தான். அதற்குப் பிறகு எல்லாமே ஏமாற்றம். 2014-ல் வெளியே உட்கார்ந்தார். 2015 கோபா அமெரிக்கா இறுதியில் முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். அந்த ஆட்டத்திலும், 2016-ல் அதே சிலி அணியுடனான இறுதியிலும் பெனால்டி ஷூட்அவுட்டில் தோல்வி. கேலிகள் பறந்தன. முக்கியமான நாளில் காணாமல் போகிறவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

2021, ஜூலை 10. கோபா அமெரிக்கா இறுதிப்போட்டி. எதிரணி பிரேசில். மைதானம்... அதே மரக்கானா!

22-வது நிமிடம். பின்னாலிருந்து டி பால் நீளமாக ஒரு பந்து அனுப்புகிறார். டி மரியா காலில் அடக்குகிறார். கோல்கீப்பர் எடெர்சன் முன்னே ஓடி வருகிறார். இடது காலால் ஒரு சின்னத் தட்டு. பந்து அவர் தலைக்கு மேலே மிதந்து வலைக்குள் விழுகிறது. 1-0. 28 ஆண்டுகளாகப் பெரிய கோப்பை எதுவும் கிடைக்காமல் தவித்த நாட்டின் தாகம், ஏழு வருடங்களுக்கு முன்பு அவர் அழுத அதே ஊரில் தீர்ந்தது. மெஸ்ஸியின் கைக்கு தேசிய சீனியர் அணியின் முதல் கோப்பை வந்ததும் அன்றுதான்.

அடுத்த ஆண்டு வெம்ப்ளியில் இத்தாலிக்கு எதிரான ஃபைனலிசிமா. அங்கேயும் கோல்கீப்பர் தலைக்கு மேல்தான் கோல்.

கத்தாரில் வந்த கண்ணீர்

2022 கத்தார் உலகக்கோப்பையிலும் உடம்பு படுத்தியது. நாக் அவுட் சுற்றுகளில் மொத்தமே சில நிமிடங்கள்தான் ஆடினார். ஆனாலும் இறுதிப்போட்டிக்கு முன், மனைவி ஹொர்ஹெலினாவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். கோப்பை நமக்குத்தான், நான் கோல் அடிப்பேன், மரக்கானாவிலும் வெம்ப்ளியிலும் நடந்ததுபோல இதுவும் எழுதியிருக்கிறது என்று.

டிசம்பர் 18. பயிற்சியாளர் ஸ்கலோனி அவரை இடது ஓரத்தில் இறக்கினார். பிரான்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. 23-வது நிமிடத்தில் டி மரியாவை டெம்பெலே வீழ்த்த, கிடைத்த பெனால்டியை மெஸ்ஸி கோலாக்கினார். 36-வது நிமிடத்தில் மக் அலிஸ்டர் தள்ளிய பந்தை டி மரியாவே வலைக்குள் அனுப்பினார். அடித்த கையோடு அழுதுவிட்டார். 64-வது நிமிடத்தில் அவர் வெளியே வந்தபோது 2-0. அதன்பிறகு எம்பாப்பே ஆட்டத்தையே தலைகீழாக்கியதும், பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா வென்றதும் ஊரறிந்த கதை. மறுபடியும் வெளியே உட்கார்ந்து, மறுபடியும் அழுதபடி பார்த்தார் டி மரியா. இந்த முறை கோப்பை கிடைத்தது.

ஒலிம்பிக், கோபா, ஃபைனலிசிமா, உலகக்கோப்பை. நான்கு இறுதிப்போட்டிகள், நான்கிலும் கோல், நான்கிலும் வெற்றி. முக்கியமான நாளில் காணோம் என்றவர்கள் பிறகு வாய் திறக்கவில்லை.

2024-ல் இன்னொரு கோபாவையும் வென்றுவிட்டு, 145 ஆட்டங்கள், 31 கோல்களோடு தேசிய ஜெர்சியைக் கழற்றினார். சொந்த ஊர் கிளப்புக்குத் திரும்ப நினைத்தபோது, ரொசாரியோவில் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல் வந்தது. பின்வாங்கினார். ஆனால், ஆசையை விடவில்லை. 2025-ல், 37 வயதில், ரொசாரியோ சென்ட்ரலுக்கே வந்து சேர்ந்தார். ஆகஸ்ட்டில் ஊரின் பரம வைரியான நியூவெல்ஸ் அணியுடன் ஆட்டம். முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது ஒரு ஃப்ரீ கிக். இடது கால். கோல். 1-0.

அம்மா சைக்கிள் மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த கிளப்புக்காக அடித்த கோல் அது.