மூன்றாவது தோட்டாவின் மீது விழும் பழி

பிரிட்டனில் பறவை வேட்டைக்குப் போகிறவர்களிடையே ஒரு கருத்து நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. மேலும் கீழுமாக இரு குழல் அமைந்த துப்பாக்கிதான் வேட்டைக்கு உரியது. சுட்டவுடன் அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் பேராசைக்காரனின் கருவி, மரபுக்குப் புறம்பானது, ஆபத்தானது. புதிதாகத் துப்பாக்கி வாங்க வருகிறவர் இதை நம்பி, தன் தோளுக்கும் தான் போகும் இடத்துக்கும் பொருந்தாத ஒன்றைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார். இந்தக் குற்றச்சாட்டுகளில் கொஞ்சமாவது நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

முதலில் பேராசை. இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைக்குப் பின் வந்த 1988 சட்டத் திருத்தத்தின்படி, சாதாரண ஷாட்கன் உரிமத்தில் வைத்திருக்கும் செமி ஆட்டோவின் மேகசினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் அடங்கக் கூடாது. குழலில் இருப்பதையும் சேர்த்தால் மூன்று. இரட்டைக் குழலைவிட ஒன்றுதான் கூடுதல். ஆனால், ஆட்களை வைத்து ஃபெசன்ட் பறவைகளை விரட்டிவிட்டுச் சுடும் வேட்டையில், ஒரே அச்சான இரண்டு துப்பாக்கிகளும் தோட்டா நிரப்பித் தர ஓர் உதவியாளும் வைத்துக்கொள்வது மதிப்புக்குரிய பழைய வழக்கம். பறவைகள் தலைக்கு மேல் கடக்கும் நொடிகளில் நான்கு முறை சுட்டுவிடலாம். சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த வைஸ்ராயின் மகன், இரண்டாம் ரிப்பன் பிரபு, மூன்று துப்பாக்கிகளும் இரண்டு உதவியாட்களும் வைத்துச் சுட்டவர். அவரைப் பிரிட்டனின் வேட்டையுலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஆறு தோட்டா பெருமை என்றால் மூன்று தோட்டா பேராசையாக முடியாது. அந்த மூன்றாவது தோட்டாவுக்கு ஒரு கருணையான வேலையும் உண்டு. கடலோரச் சதுப்பில் சிறகொடிந்து விழும் வாத்தை உடனே முடித்துவிடலாம். நாணலுக்குள் தப்பிப் போனால் அது தவித்துத்தான் சாகும்.

மரபு என்ற வாதம் வரலாற்றைப் பார்த்ததுமே விழுந்துவிடுகிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையிலிருந்து 1902-இல் வெளிவரத் தொடங்கியது. லண்டனின் பாஸ் நிறுவனம் மேல்கீழ்க் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது 1909-இல். இன்று உலகெங்கும் விற்கும் மேல்கீழ்க் குழல்களுக்கு வழிகாட்டியான ‘சூப்பர்போஸ்டு’, அதே பிரவுனிங்கின் கடைசிப் படைப்பு. 1926-இல் அவர் இறந்த பிறகு மகன் வால் அதை முடித்துக் கொடுத்தார்.

ஆபத்து என்ற புகாரை நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘சுட்டவுடன் அடுத்த தோட்டா தானாகவே ஏறிவிடுகிறது’ என்று அஞ்சுகிறார்கள். இரட்டைக் குழலில் ஒரு முறை சுட்ட பிறகு மற்றொரு குழலில் தோட்டா காத்திருக்கவில்லையா? இரண்டிலும் விசையை அழுத்தினால்தான் வெடிக்கும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மடித்துத் திறந்த இரட்டைக் குழல் காலியாக இருப்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோவில் தோட்டா அறையை மூடும் போல்ட் பின்னால் நிற்கிறதா என்பதை அருகே வந்துதான் பார்க்க வேண்டும். வேலி தாண்டும்போது முன்னதை மடித்துத் தோட்டாவை உருவ ஒரு நொடி போதும்; பின்னதில் குழலையும் மேகசினையும் தனித்தனியே காலி செய்ய வேண்டும். பலர் வரிசையாக நிற்கும், நாய்களும் விரட்டும் ஆட்களும் நடமாடும் வேட்டையில் இது சின்ன விஷயமல்ல. அங்கே நான் தயங்காமல் மேல்கீழ்க் குழலைத்தான் சொல்வேன்.

இரண்டு குழலுக்கு இரண்டு சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்வாய்க் குறுக்கம்) என்பதைப் பெரிய நன்மையாகச் சொல்கிறார்கள். நன்மைதான். ஆனால் பறவை வரும் அவசரத்தில் எந்தக் குழல் முதலில் என்று தேர்ந்தெடுக்க நிதானம் வேண்டும். அதைவிட முக்கியம், தோளில் பதிக்கும் துப்பாக்கிக் கட்டை சுடுபவரின் உடலுக்குப் பொருந்துவது. இன்றைய செமி ஆட்டோக்கள் பலவற்றில் சிறு தகடுகளை மாற்றியே கட்டையின் சரிவையும் சாய்வையும் வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம்.

பின்னுதைப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. இங்கிலாந்தில் 1999 முதல் வாத்துகளை ஈய ரவையால் சுடக் கூடாது. இரும்பு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது. எனவே பெரிய ரவை, கனமான தோட்டா தேவைப்படுகிறது. தோளில் விழும் அடியும் கூடுகிறது. வெடிவாயுவால் இயங்கும் செமி ஆட்டோ அந்த உதையைச் சற்று நீட்டிப் பரப்பிவிடுவதால் அடி மென்மையாகிறது. மெலிந்த உடல்வாகு கொண்டவருக்கும் தோளில் அறுவை செய்துகொண்டவருக்கும் இது பெரிய உதவி. எடை குறைந்த தோட்டாக்களில் சில செமி ஆட்டோக்கள் சிக்கிக்கொள்ளும் என்பது உண்மை. வாங்குமுன் தன் வழக்கமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விரட்டு வேட்டையை நடத்தும் நிலக்காரர்கள் சிலர் செமி ஆட்டோவை அனுமதிப்பதில்லை. அது அவர்கள் உரிமை, பாதுகாப்பு நோக்கில் சரியான முடிவும்கூட. ஆனால் அந்தத் தடைக்கான காரணம் வரிசையில் பலர் நிற்பதுதான். வயலோரத்தில் மறைவு கட்டிப் புறாவுக்காகத் தனியே உட்கார்ந்திருப்பவருக்கும், விடியலில் சேற்றுக்கரையில் வாத்துக்காகக் காத்திருப்பவருக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. அவர்கள் செமி ஆட்டோவை மனக்குறையின்றி வாங்கலாம்.