கைநாட்டும் இல்லாத கடிதங்கள்

2016 ஜூன் 13 அன்று, தில்லியில் இருந்த ரோனா வில்சனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தெலுங்குக் கவிஞர் வரவர ராவின் கணக்கிலிருந்து வந்திருந்தது. இணைப்பில் உள்ள ஆவணத்தைத் திறந்து பார்க்கச் சொன்னது. தெரிந்த தோழர், தெரிந்த முகவரி, வில்சன் திறந்தார். திரையில் ஓர் ஆவணம் விரிந்தது. அதன் பின்னால் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் கணினிக்குள் இறங்கியது. அடுத்த 22 மாதங்கள் அந்தக் கணினி வில்சனுடையதாகவும் இருந்தது, முகம் தெரியாத இன்னொருவனுடையதாகவும் இருந்தது.

2018 ஏப்ரலில் புணே காவல்துறை அந்தக் கணினியைக் கைப்பற்றியது. பிரதமரைக் கொல்லத் திட்டமிட்டதாகச் சொல்லப்பட்ட கடிதம் உள்ளிட்டவை அதில் ‘கிடைத்தன’. பீமா கோரேகான் வழக்கு இவற்றின் மேல்தான் எழுப்பப்பட்டது. 2021 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் அந்த வன்தட்டின் நகலை ஆராய்ந்து அறிக்கை தந்தது. குறைந்தது பத்து கடிதங்கள் வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டவை. அவை கிடந்த அடைவு மறைக்கப்பட்டிருந்தது. அவற்றை வில்சனின் கணினியில் யாரும் திறந்து பார்த்ததற்கான தடயம் இல்லை. வில்சன் பயன்படுத்திய வேர்டு மென்பொருளைவிடப் புதிய பதிப்பில் அவை தயாரிக்கப்பட்டிருந்தன. தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமியின் கணினியிலும் இதே கைவரிசை இருந்தது என்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னபோது, அவர் காவலிலேயே இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

இந்த வழக்கைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. அரச ஒடுக்குமுறை என்றோம், ஊபா கொடுஞ்சட்டம் என்றோம். எல்லாம் சரி. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டோம். வில்சனுக்கு வந்த மின்னஞ்சலில் கையெழுத்து இல்லை. கணினியில் கிடந்த கடிதங்களிலும் இல்லை. நாம் இன்றைக்குக் காலையில் அனுப்பிய மின்னஞ்சலிலும் இல்லை.

‘அவன் கைநாட்டு’ என்பது நம் ஊரில் வசவு. எழுத்து மறுக்கப்பட்ட சமூகத்தை, எழுத்தை மறுத்தவர்களே பார்த்துச் சொன்ன சொல். வெற்றுத்தாளில் பெருவிரல் ரேகையை உருட்டிவிட்டு நிலத்தை இழந்த குடும்பங்களின் கதை தாமிரபரணிக் கரையில் ஊருக்கு நாலு கிடைக்கும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்து, மடிக்கணினியில் மனு தட்டச்சு செய்கிறார்கள். பெருமைதான். ஆனால் கைநாட்டாவது ஒருவர் விரலுக்கு மட்டும் உரியது. மின்னஞ்சலின் ‘அனுப்புநர்’ வரி யாருக்கும் உரியதல்ல. அஞ்சலட்டையின் மூலையில் யார் பெயரையும் யாரும் எழுதிவிடலாம் என்பது போலத்தான் அதுவும்.

ஜிமெயில் போன்ற நிறுவனங்கள் தங்கள் வழங்கியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு அஞ்சலிலும் தாமாகவே ஒரு முத்திரை குத்துகின்றன. டிகிம் என்று அதற்குப் பெயர். இந்த அஞ்சல் எங்கள் கட்டடத்திலிருந்துதான் போனது என்று அது சொல்லும். யார் விரல் தட்டியது என்று சொல்லாது. கணக்கின் கடவுச்சொல்லைப் பிடித்தவனுக்கும் அதே முத்திரை கிடைக்கும். வில்சனுக்கு நடந்ததும் இந்த வகைதான்: கணக்கு உண்மையானது, கை வேறு.

இதற்கான மருந்து எழுபதுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் கருத்தைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஆர்.எஸ்.ஏ. முறை வந்தது. 1991இல் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பில் சிம்மர்மன் அதைச் சாதாரண ஆட்களின் மின்னஞ்சலுக்கான மென்பொருளாக்கி பி.ஜி.பி. என்று பெயரிட்டு வெளியிட்டார். ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு அவரை மூன்று ஆண்டு விசாரித்து, 1996இல் கைவிட்டது.

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். வாய்க்குச் சாதி தெரியாது. சாவி இல்லாமல் திறக்க முடியாது. பி.ஜி.பி.யில் உங்களுக்கு இரண்டு சாவிகள். ஒன்று பொதுச் சாவி: பூட்டிய உண்டியலை ஊரெல்லாம் கொடுத்துவைப்பது போல. அதில் யார் எதைப் போட்டாலும், உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவியால்தான் திறக்கும். இது மறையாக்கம். கையெழுத்து இதன் மறுபக்கம். கடிதத்தைச் சுருக்கி, ஹாஷ் என்ற ஒரு நீண்ட எண்ணாக்கி, அந்த எண்ணைத் தனிச் சாவியால் முத்திரையிடுகிறது மென்பொருள். பொதுச் சாவி வைத்திருக்கும் யாரும் அதைச் சரிபார்க்கலாம். யாராலும் போட முடியாது. கடிதத்தில் ஒரு கால்புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். ஒரு கடிதத்தின் கையெழுத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்டவும் முடியாது. தாளில் போடும் கையெழுத்துக்கே இந்த வசதி கிடையாது.

தில்லி, புணே கதையை நெல்லையில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைப் பாருங்கள். குற்றத் தகவலை மின்னணு வழியிலும் தரலாம். தந்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலைய வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்த யாருக்கும் இந்த மின்னணு வழியின் அருமை தெரியும். ஆனால் அந்த மூன்று நாள் கையெழுத்து என்பது நடைமுறையில் அதே நிலையத்துக்கு, ஆதிக்கச் சாதித் தெரு வழியாக, மறுபடி நடந்து போவதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 5ஆம் பிரிவு, முறையான மின்னணுக் கையெழுத்துக்குப் பேனாக் கையெழுத்தின் மதிப்பைத் தந்திருக்கிறது. அப்படியானால் அந்த மூன்று நாள் கையெழுத்தையும் மின்னணு முறையில் ஏன் ஏற்கக் கூடாது என்று நம் வழக்கறிஞர்கள் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சட்டம் ஏற்கும் கையெழுத்து வேறு, நாம் இலவசமாக உருவாக்கிக்கொள்ளும் பி.ஜி.பி. கையெழுத்து வேறு. முன்னது உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனம் தரும் சான்றிதழிலோ, ஆதார் ஓ.டி.பி. வழியிலோ வருவது. ஓ.டி.பி. வருவது கைப்பேசிக்கு, கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் கையெழுத்து. சாதி மறுத்துக் காதலித்த பெண்ணின் கைப்பேசியை வீட்டார் முதல் வேலையாகப் பிடுங்கும் மாவட்டம் இது. பி.ஜி.பி. கையெழுத்துக்குச் சட்டம் தரும் அந்தத் தானியங்கி மதிப்பு இல்லை. ஆனாலும் உண்மை அறியும் குழுவின் அறிக்கை, வழக்கறிஞருக்குப் போகும் வாக்குமூலம், பத்திரிகையாளருக்கு அனுப்பும் ஆவணம் ஆகியவற்றில் எது நாம் எழுதியது, எது நம் பெயரில் இன்னொருவன் எழுதியது என்று பிரித்துக் காட்ட அது போதும்.

வீடியோ விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சாட்சிய சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. மேலே சொன்ன அதே ஹாஷ்தான். தாக்குதலைப் படமெடுத்த தோழர் அன்றைக்கே மூலக் கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டு, கையெழுத்திட்ட மின்னஞ்சலில் வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டால், ஆறு மாதம் கழித்து ‘இது வெட்டி ஒட்டிய வீடியோ’ என்ற வாதத்துக்குப் பதில் கையில் இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸப்பில் சுற்றவிடுகிறோம். அது கோப்பைச் சுருக்கும், ஹாஷ் மாறும், மூலம் யாருடைய பழைய போனிலோ கிடந்து அழியும்.

இனி பூட்டு. மறையாக்கம் என்றாலே நம் தோழர்களுக்கு நினைவு வருவது மத்திய உளவு அமைப்புகள். நம் பக்கத்தில் அதற்கு முன்னால் ஊர் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த தலித் மாணவர், சக மாணவர்களின் சாதியக் கொடுமையைப் பள்ளியில் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அது மின்னஞ்சல் விவகாரம் அல்ல. ஆனால் புகார் போய்ச் சேர வேண்டிய இடத்தில் வேலை செய்யும் முன்பே, போகக் கூடாத இடத்தில் வேலை செய்துவிட்டது. நம் மனுக்கள் பெரும்பாலும் எங்கிருந்து கிளம்புகின்றன? பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து, பிரவுசிங் சென்டரிலிருந்து. கணக்கு மூடப்படாமல் கிடக்கும். சாட்சிகளின் பெயர், ஊர், தெரு எல்லாம் உள்ள கோப்பு டவுன்லோட்ஸ் அடைவில் அப்படியே இருக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யார்?

பாதிக்கப்பட்டவர், சாட்சி, அவர்கள் இப்போது தங்கியிருக்கும் இடம் ஆகிய மூன்றும் உள்ள எதுவும் பூட்டில்லாமல் போகக் கூடாது. ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பூட்டி அனுப்ப வழியில்லை. அவர்கள் பொதுச் சாவி எதையும் நமக்குத் தருவதில்லை. ஆகவே அவர்களுக்குக் கையெழுத்து மட்டும். பூட்டு நமக்குள்ளே, வழக்கறிஞருக்கும் களப்பணியாளருக்கும் இடையில்.

‘சிக்னல் இருக்கிறதே, மின்னஞ்சல் எதற்கு?’ நியாயமான கேள்வி. பேச்சுக்குச் சிக்னல்தான் நல்லது. ஆணையம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு எல்லாம் மின்னஞ்சலில்தான் கடிதம் வாங்கும். தவிரவும், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. டிஜிட்டல் கையெழுத்தை நாளை ‘நான் போடவில்லை’ என்று மறுப்பது கடினம். மனுவும் அறிக்கையும் கையெழுத்தோடு நிற்கட்டும். தோழர்களோடு அடித்த கிண்டலுக்கு முத்திரை எதற்கு?

கணிதத்துக்கும் எல்லை உண்டு. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதையும், பெரும்பாலும் தலைப்பு வரியையும் பி.ஜி.பி. மறைக்காது. கணினிக்குள்ளேயே உளவு மென்பொருள் உட்கார்ந்திருந்தால் சாவியும் போகும், கடவுச்சொல்லும் போகும். வில்சனுக்கும் வரவர ராவுக்கும் கையெழுத்துப் பழக்கம் இருந்து, சாவி அஞ்சல் கணக்கில் இல்லாமல் தனியே இருந்திருந்தால், முதல் அஞ்சல் வந்தபோதே ‘ஏன் கையெழுத்து இல்லை?’ என்று ஒரு போன் போயிருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் சொல்வது விற்பனைப் பேச்சு. கையெழுத்து யாருடையது என்று கணிதம் சொல்லும், ஏன் போட்டார் என்று சொல்லாது. 2024இல் மாஞ்சோலையில் விருப்ப ஓய்வுப் படிவங்களில் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சொன்னதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது.

அரசுக்கும் இதில் பிரியம் கிடையாது. மறையாக்கம் செய்த தகவலின் வெறும் வடிவத்தைக் குடிமக்கள் 90 நாள் சேமித்து வைக்க வேண்டும் என்று 2015 செப்டம்பரில் ஒரு வரைவுக் கொள்கை வந்தது. எதிர்ப்பில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. அதன்படி உத்தரவிட்டால் பூட்டைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. பூட்டுவது குற்றமில்லை. அதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு, பயமில்லாமல் பூட்டுங்கள்.

எப்படித் தொடங்குவது? தண்டர்பேர்ட் என்ற இலவச அஞ்சல் மென்பொருளில் 2020 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. சாவி உருவாக்கப் பத்து நிமிடம். கடினமான பகுதி அதற்கு அடுத்தது: இந்தப் பொதுச் சாவி உண்மையிலேயே இந்தத் தோழருடையதுதானா? அதை மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு சாவிக்கும் 40 எழுத்து-எண்கள் கொண்ட ரேகை உண்டு. ‘ரேகை’ என்றே அதைச் சொல்லலாம், நமக்குப் பொருத்தமான சொல். அதை நேரில்தான் ஒப்பிட வேண்டும். அதற்கு ஆட்கள் ஓரிடத்தில் கூட வேண்டும்.

ஜூலை 23 இருக்கிறது. 1999இல் அதே நாளில், மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியரிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களைக் காவல்துறை தடியால் ஆற்றுக்குள் விரட்டியது. இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் செத்தார்கள். அஞ்சலி நாளில் கணினி வேலையா என்று முகம் சுளிக்கலாம். மாவட்டம் முழுவதிலிருந்தும் வழக்கறிஞர்களும் மாணவர்களும் களப்பணியாளர்களும் ஆற்றங்கரைக்கு வருவது அன்றைக்குத்தான். வரும்போது உங்கள் சாவியின் ரேகையைத் துண்டுத் தாளில் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூப்போட்டுவிட்டு மேலே ஏறியதும் நிழலில் உட்கார்ந்து, ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்க, மற்றவர் தன் திரையில் சரிபார்க்க, நாற்பதும் முடிய ஒரு நிமிடம் ஆகாது.