கம்பளிக்கு விழுப்பில்லை, தூசி உண்டு

திருச்சி காந்தி மார்க்கெட் 1868-இல் தோன்றி, 1927-இல் விரிவுபெற்று, மகாத்மாவின் பெயரைத் தாங்கியது. திருவரங்கத்து மூத்தோர் பலர் இன்றும் பையை எடுத்துக்கொண்டு அங்கே போய் வருகின்றனர். தரையில் விரிப்பதற்கென்று அக்குடும்பங்கள் வழிவழியாய் அறிந்தவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, காவிரிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு முசிறிப் பக்கம் நெய்யும் பாய். மற்றொன்று பவானி ஜமக்காளம். பாயை உதறிச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம். ஜமக்காளத்தைத் துவைத்து மாடிச் சுவரில் போட்டால் மாலைக்குள் உலர்ந்துவிடும்.

இப்போது மூன்றாவதாக ஒன்று பூஜை அறைக்குள் வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அன்புடன் வாங்கித் தரும், விரற்கடை நீளத்துக்கு இழைகள் நிற்கும் புசுபுசுவென்ற கம்பள விரிப்பு. முழங்கால் வலியால் தரையில் அமரவே முடியாதிருந்த பெரியவர்கள், இதன் மெத்தென்ற தன்மையால் சகஸ்ரநாமம் முடியும்வரை அமர்ந்திருக்க முடிகிறது. ஆகவே இதைப் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமன்று. ஆனால் பாயைப் போலவோ ஜமக்காளத்தைப் போலவோ இதைப் பேண இயலாது என்பதைத்தான் பலரும் அறிவதில்லை.

பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பில்லை என்பது ஆசாரம் பேணும் குடும்பங்களின் வழக்கு. நாள்தோறும் நனைத்து உலர்த்தாமலே மடிக்கு உரியவை அவை. இந்த வழக்கை நம்பி, கம்பள விரிப்பை மாதக்கணக்கில் தொடாமலே விட்டுவிடுகின்றனர். விழுப்பில்லை என்பது வேறு, அழுக்கில்லை என்பது வேறு. நீண்ட இழைகளின் அடியில் மணலும், தோல் துகளும், விபூதியும், அவற்றை அண்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆஸ்துமா உள்ள ஒருவர் அதன்மேல் விழுந்து நமஸ்கரிக்கும்போது முகம் புதைவது அந்தத் தூசியில்தான். கீதையின் ஆறாம் அத்தியாயம் தியான ஆசனத்தைப் பற்றிச் சொல்லுகையில் தர்ப்பை, மான்தோல், துணி என்னும் அடுக்கைக் கூறுவதற்கு முன்பே, இடம் தூயதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. அரங்கன் ஆலயத்திலும் ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்தின்போது பெருமாளின் திருவாபரணங்கள் தூய்மை செய்யப்படுகின்றன. பொன்னுக்கே அப்படியென்றால் கம்பளத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டிலிருப்பது கம்பளிதானா? இவ்வகை விரிப்புகளுள் பழமையான ஒன்று கிரேக்க நாட்டு மலைவாழ் இடையர்கள் ஆட்டு மயிரால் நெய்த ஃப்ளோகாட்டி. நெய்த பின் மலையாற்றின் குளிர்ந்த நீர்ச்சுழலில் அதைப் போட்டு வைப்பார்கள். அப்போதுதான் இழைகள் உப்பி எழும். 1960களிலும் 70களிலும் நீள இழை விரிப்புகள் மேலை நாட்டு வீடுகளில் பெரும் மோகமாயின. இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் மிகுதியானவை பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையால் ஆனவை. அவற்றுக்கு மடி வழக்கும் பொருந்தாது.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. விரிப்பிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, சமையலறைத் தொட்டியருகே இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்ட வேண்டும். தலைமயிர் கருகும் வாடை வீசி, பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டி மணிபோல் ஆனால் செயற்கை இழை. இந்தச் சோதனை மடிக்காக மட்டும் அன்று. கம்பளி எளிதில் பற்றாது. செயற்கை இழையோ தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்த இழையாயினும் குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் தூபக்காலும் விரிப்பின் மேலோ அதன் ஓரத்திலோ இருக்கவே கூடாது. விளக்கின் முன் கோலமிடுவதற்கேனும் வெறுந்தரை வேண்டுமே! விரிப்பு இரண்டு முழமாவது தள்ளியே இருக்கட்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலடியில் விழுந்த பொறி உடனே தெரியாது.

தூய்மை செய்வதில் முதல் விதி, அடிப்புறத்திலிருந்து தொடங்குவது. மேற்புறத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மேலும் உள்ளே இறங்கும். வாரம் ஒருமுறை விரிப்பைத் திறந்த வெளியில் கவிழ்த்துக் கொடியில் போட்டு, பிரம்பால் முதுகில் தட்டினால் மணல் தானே உதிரும். இது கனமான வேலை; வீட்டிலுள்ள இளையவரிடமோ உதவிக்கு வருபவரிடமோ ஒப்படைக்க வேண்டியது. தட்டும் நேரத்தில் மூச்சுத்தொல்லை உள்ளவர் அருகில் நிற்கலாகாது. தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் அதன் சுழலும் தூரிகையை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் நீண்ட இழைகள் சுற்றிக்கொண்டு பிய்ந்துவிடும். படிந்துபோன இழைகளை அகன்ற பல்லுள்ள சீப்பால் நிமிர்த்தலாம்.

கறைகளுள் பூஜை அறைக்கே உரியவை சில. நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அது கொட்டினால் ஈரத்துணியைத் தொடவே கூடாது. உலர்ந்தபடியே கவிழ்த்துத் தட்டி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். மஞ்சள் கறையில் சோப்பிட்டால் சிவந்து நிற்கும். இளவெயிலில் காட்டினால் நாளடைவில் வெளிறும். எண்ணெயோ நெய்யோ சிந்தினால் ஒற்றி எடுத்து, சோள மாவைத் தூவி, இரவு முழுதும் விட்டு, காலையில் தட்டிவிட வேண்டும். தீர்த்தமும் பாலும் சிந்தினால் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றிய பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் மறுபடி ஒற்றினால் போதும். தேய்த்தால் இழைகள் சிக்குண்டு முடிச்சாகும்.

முழுதும் அலசுவதை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் மேற்கொள்ள வேண்டாம். அதற்குப் பங்குனி, சித்திரையின் உலர்ந்த வெயிலே ஏற்றது. கம்பளிக்கு வெந்நீர் பகை, சுருங்கிவிடும். காந்தி மார்க்கெட்டுப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நீர் கம்பளிக்கு மென்மையானது. முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டு, கயிற்றுக் கட்டிலின் மேல் நிழலில் பரப்பினால் அடியிலிருந்தும் காற்று ஏறும். முதுகில் ரப்பர் பூச்சோ சணலோ ஒட்டிய விரிப்புகளை நனைக்காமல், தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நன்று. ஈரம் உள்ளே தங்கினால் பசை விட்டுப் பூஞ்சை பிடிக்கும். அந்த வாடை பிறகு எந்தச் சாம்பிராணிக்கும் அடங்காது.

விரிப்பை நடைவழியில் போடுவது இவை யாவற்றினும் பெரிய பிழை. கைத்தடியின் நுனி இழைகளில் சிக்கும். மடங்கிய ஓரம் காலைத் தடுக்கும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. அமரும் இடத்தில் மட்டும் விரித்து, அடியில் வழுக்காத ரப்பர் வலையிட்டு, ஜபம் முடிந்ததும் சுருட்டிவிடுவது உத்தமம்.

ஐப்பசி அடைமழை தொடங்குமுன் நன்றாகத் தட்டி, வெயில் காட்டி, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து வைக்கலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும். வேப்பிலையை உள்ளே வைப்பது நல்ல வழக்கமே. ஆனால் கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு அஞ்சுவது வெளிச்சத்துக்கும் உதறலுக்கும்தான். ஆதலால் மழை ஓய்ந்த நாட்களில் இடையிடையே பிரித்துப் பார்க்க வேண்டும். தை பிறந்து மறுபடி விரிக்கும்வரை, நான்காய் மடித்த ஜமக்காளத்தை முசிறிப் பாயின் மேலிட்டு அமரலாம். அப்படியும் முழங்கால் ஒத்துழையாவிடில் நாற்காலியில் அமர்ந்து பாராயணம் செய்வதில் தவறில்லை.