கயிறு பிடிக்கும் கை

முத்துக்குளிப்பால் உலகப் புகழ் பெற்றது நம் தூத்துக்குடிக் கடற்கரை. கொற்கை முத்தின் பெருமையை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசும். பரதவரும் முஸ்லிம்களும் இறங்கி முத்தெடுத்த இக்கடலில், 1961ஆம் ஆண்டிற்குப் பின் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நிகழவில்லை. 1974இல் நம் துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. 2006இல் அதே கடலடியில், தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் ஒளியிழை வடம் ஒன்றை இந்திய, இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பதித்தன. முத்துவடம் ஏறிய கரையில் ஒளிவடம் ஏறிற்று எனலாம்.

முத்துக்குளிப்பிற்கு இருவர் வேண்டும். ஒருவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் ஊன்றி அடிக்கடலுக்கு இறங்குவார். மற்றவர் தோணியில் நின்று கயிறு பிடிப்பார். கீழிருப்பவர் கயிற்றை அசைத்தவுடன் மேலிருப்பவர் இழுத்தாக வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடக் கணக்கு அது. தவறினால் உயிர் தவறும். ஆகவேதான் கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடம் ஒப்படைப்பது வழக்கம் என இக்கடற்கரையில் சொல்வர். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குகிறது என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்? முத்தெடுத்தவரை ஊர் புகழும். கயிறு பிடித்தவரைப் பற்றிப் பேசுவார் அரியர்.

கல்லூரி வளாகத்தின் கணிப்பொறி வலையமைப்பும் இத்தகையதே. கணிப்பொறி வாங்கினால் விழா உண்டு, திறப்பாளர் பெயர் பொறித்த கல் உண்டு, நிழற்படம் உண்டு. அக்கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து நாள்தோறும் இயங்கச் செய்யும் கைக்கு விழாவுமில்லை, பல இடங்களில் முறையான ஊதியமுமில்லை. குறைந்த பொருள்வளத்தில் வலையமைப்பை மேம்படுத்த விரும்பும் கல்லூரி, முதற்பணத்தைப் பொருளுக்கன்றிப் பேணும் கைக்கே ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழ்த் துறைக்கும் கணிப்பொறி வலையமைப்பிற்கும் என்ன தொடர்பு என வினவுவார் உளர். 1998இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், 2001இல் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வாயிலாக ஏராளமான தமிழ் நூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பழம்பதிப்பு ஒன்றைப் பார்க்கச் சென்னைக்கு இரயிலேறிய காலம் மலையேறிவிட்டது. ஆயின், அந்நூல் திரையில் விரிய நான்கு நிமிடம் ஆகுமெனில், நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்பில் அதனால் பயனென்ன? வலையமைப்பு பழுதுற்றால் முதலில் தவிப்பது அறிவியல் துறையன்று. ஆய்வகத்தில் கடைசி முறை ஒதுக்கப்பெறும் மொழித் துறைகளே என்பது கண்கூடு.

"மாணவர் கையில்தான் கைப்பேசி உள்ளதே, கல்லூரிக்கு வலையமைப்பு எதற்கு?" என்போரும் உளர். 2016க்குப் பின் கைப்பேசி இணையம் மலிந்தது உண்மையே. எனினும் கைப்பேசித் திரையில் பாட்டுக் கேட்கலாம், செய்தி பார்க்கலாம். ஐம்பது பக்க ஆய்வேட்டைத் தட்டெழுதித் திருத்தவும், கணக்குப்பதிவியல் பயிலவும், இரு சுவடிப் பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடவும் இயலாது. உப்பளத் தொழிலாளியின் மகளும் மீனவரின் மகனும் தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் ஊர் இது. வீட்டில் கணிப்பொறி இல்லாத அம்மாணவர்க்குக் கல்லூரி ஆய்வகம் ஒன்றே கதி. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஆய்வகத்தில் இணையம் படுத்துவிட்டால் இழப்பு யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, செய்யத்தக்கன யாவை எனக் காண்போம்.

முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்னர், அரசினர் கடலடியிலுள்ள பார்களை ஆராய்வர். சிப்பிகள் சிலவற்றை எடுத்துத் திறந்து முத்தின் மதிப்பைக் கணிப்பர். தேறினால் குளிப்பு, தேறாவிடில் அவ்வாண்டு கடல் ஓய்வு கொள்ளும். நாமோ பார் பார்க்காமலே குளிக்க இறங்குகிறோம். இணையம் மெதுவாக உள்ளது என்றவுடன் கூடுதல் வேக இணைப்பிற்குப் பணம் கட்டுகிறோம். வளாகத்தின் நடுவிலுள்ள சுவிட்ச் பெட்டி நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே கடத்தவல்ல பழம்பெட்டியாயின், 300 மெகாபிட் இணைப்பு வாங்கினாலும் அதன் வழியே வருவது 100தான். குறுகிய குழாயில் பெரிய தொட்டியை இணைத்த கதை அது. ஒன்றன் வாலில் ஒன்றாகத் தொங்கும் சிறு சுவிட்ச் பெட்டிகள், ஒரே பெட்டியில் இரு முனைகளும் செருகப்பட்ட வடம், ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும் வைஃபை கருவிகள் ஆகியவையும் வேகத்தைத் தின்னும். இவற்றைக் கண்டறிய ஒரு குறிப்பேடும், வளாகத்தின் வரைபடமும், பொறுமையும் போதும். எந்த வடம் எங்கிருந்து எங்குச் செல்கிறது, எந்தக் கருவி எந்த ஆண்டு வாங்கப்பெற்றது என எழுதிவைத்தலே மேம்பாட்டின் முதற்படி. அதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்து, பணத்தை எங்கே கொட்டுவது, எங்கே இறுக்குவது என்பதை அறிதல் வேண்டும். ஒழுங்காகப் பதித்த வடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும், சுவிட்ச் பெட்டி ஏழெட்டு ஆண்டு, கணிப்பொறி ஐந்தாறு ஆண்டு, யு.பி.எஸ். மின்கலமோ மூன்று நான்கு ஆண்டிலேயே ஓய்ந்துவிடும். எனவே வடத்தில் சிக்கனம் பார்த்தல் பேதைமை. செப்புக் கம்பி வடம் 100 மீட்டருக்குமேல் நம்பகமாகச் செயற்படாது. மேலும் கட்டடத்திற்குக் கட்டடம் அதனை இழுத்தால் இடிமின்னலை உள்ளே அழைத்து வருவதாகும். கட்டடங்களுக்கிடையே ஒளியிழை வடம், கட்டடத்திற்குள்ளே செப்பு வடம் என்பதே தக்க முறை. நூறு கணிப்பொறிகளை ஒரே ஆண்டில் நன்கொடையால் வாங்கி, ஆறாம் ஆண்டில் நூறும் ஒருசேரப் பழுதாவதைப் பார்த்திருப்பதினும், ஆண்டுக்கு இருபது எனச் சுழற்சி முறையில் மாற்றுதல் நன்று. அவ்வாறாயின் எந்த ஆண்டும் கல்லூரி கையேந்தி நில்லாது.

நம் கடற்கரைக்கே உரிய இடர்கள் இரண்டு. ஒன்று உப்புக்காற்று. செருகிகளின் மெல்லிய முனைகளை அது அரித்துவிடும். மூடிய பெட்டகத்தினுள் கருவிகளை வைத்தலும், பருவத்திற்கொரு முறை முனைகளைச் சோதித்தலும் இங்கு இன்றியமையாதன. மற்றொன்று வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வெள்ளத்தைக் கண்ட பின்னரும் சர்வர் அறையைத் தரைத்தளத்தில் வைத்திருப்பது அறிவுடைமையாகாது. முதல் மாடிக்கு மாற்ற ஆகும் செலவு, முழுகியதை மீட்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே.

மூன்றாவது, மென்பொருட் செலவு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. நன்றாக ஓடும் பழைய கணிப்பொறிகள் பல, உரிய பாதுகாப்புச் சில்லு இல்லாமையால் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதா? வேண்டுவதில்லை. லினக்ஸ் முதலான கட்டற்ற மென்பொருள்கள் அவற்றில் இன்னும் சில ஆண்டுகள் இனிதே ஓடும். இது வெறுங்கனவன்று. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக சி. உமாசங்கர் இருந்தபோது, அந்நிறுவனத்தின் அலுவலகக் கணிப்பொறிகள் லினக்சுக்கு மாற்றப்பெற்றன. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் எனும் நிறுவனமாக வளர்ந்து, அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வேரூன்றச் செய்தது. அங்கு வெற்றிக்கு அடிப்படை மென்பொருள் இலவசம் என்பது மட்டுமன்று. ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக ஆக்கியமையே. இங்கும் கையே முதன்மை பெறுதல் காண்க. வணிகவியல் துறையின் டேலி போன்றவற்றிற்கு விண்டோஸ் தேவைப்படும். அதற்குரிய சில கணிப்பொறிகளை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, நூலகம், மொழித் துறைகள், பொது ஆய்வகம் ஆகியவற்றை மாற்றிவிடலாம்.

நான்காவது, பகுப்பு. 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்குள்ளாகி, நோயாளர் பதிவுகளைப் பல நாள்கள் கையால் எழுத நேர்ந்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே அதற்கு வழிகோலிற்று என நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தலைநகரின் பெருமருத்துவமனைக்கே இந்நிலையெனில் நம் போன்றோர் எம்மாத்திரம்! அலுவலகக் கணக்கும் தேர்வுப் பிரிவும் ஒரு பகுதி, மாணவர் ஆய்வகம் ஒரு பகுதி, விருந்தினர் வைஃபை ஒரு பகுதி, கண்காணிப்புக் கேமராக்கள் ஒரு பகுதி எனப் பிரித்தல் வேண்டும். இப்பகுப்பை ஏற்கும் சுவிட்ச் பெட்டிகளின் விலை சற்றுக் கூடுதல். எனினும் மாணவர் மதிப்பெண் பட்டியல் அழிந்துபோவதை நோக்க அது மிகச் சிறிது. நாள்தோறும் படியெடுத்து, ஒரு படியை வலையமைப்போடு தொடர்பற்ற வேறிடத்தில் வைப்பதும் கட்டாயமாகும்.

படி எடுத்தலின் அருமையைத் தமிழ்த் துறையினரினும் நன்கு உணர்ந்தார் இலர். ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவில் தமிழைத் தட்டெழுதிற்று. அக்காலக் கோப்புகளை இன்று திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு விசைப்பலகையைச் சீர்செய்ய வழிகாட்டிற்று. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களையும் ஆய்வேடுகளையும் ஒருங்குறிக்கு மாற்றி நம் சர்வரிலேயே சேமித்தல், வலையமைப்பு மேம்பாட்டின் ஒரு பகுதியாதல் வேண்டும். கருவி புதிதாகும்போது எழுத்து அழியுமெனில் அது மேம்பாடாகாது.

இவை அனைத்தையும் செய்வார் யார்? இங்குதான் கயிறு பிடிக்கும் கை வருகிறது. பல கல்லூரிகளில் வலையமைப்பைக் காப்பவர், குறைந்த தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்ற ஓர் இளைஞர். ஓராண்டு கற்றுக்கொள்வார், மறு ஆண்டு சென்னைக்கோ வளைகுடாவிற்கோ சென்றுவிடுவார். கடவுச்சொற்களும் வடங்களின் வழிகளும் அவர்தம் நினைவோடே ஊர் விட்டுப் போகின்றன. அடுத்து வருபவர் இருட்டறையில் தேடத் தொடங்குவார். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இதற்கு மாற்றாகாது. ஒப்பந்தக்காரர் பழுதுற்ற பின் வருபவர். நமக்கு வேண்டுவது பழுதுறா வண்ணம் உடனிருப்பவர். நிலையான பணி, முறையான ஊதிய உயர்வு, ஆண்டுதோறும் பயிற்சி ஆகிய மூன்றையும் அவருக்கு அளித்தல் வேண்டும். கணிப்பொறி அறிவியல் மாணவர் பதின்மரை அவருக்குத் துணையாக அமர்த்தி, சிறு மதிப்பூதியமும் சான்றிதழும் வழங்கினால், வளாகமே அவர்கட்குச் செயல்முறை வகுப்பாகும்.

அரசு வழங்கிய வாய்ப்புகளும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன. 2009இல் தொடங்கிய தேசியக் கல்வித் திட்டத்தின்கீழ், பி.எஸ்.என்.எல். இணைப்பிற்கான கட்டணத்தில் 75 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்றுக் கல்லூரிகளுக்கு இணைப்பு நல்கிற்று. 2010இல் இன்ஃபிளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம், சிறு கட்டணத்தில் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டது. இவை யாவும் கல்லூரி வாயில்வரை வந்தன. வாயிலிலிருந்து கடைசி வகுப்பறையின் கடைசி இருக்கைவரை கொண்டு சேர்ப்பது நம் கடமை. அவ்விடைவெளியில் எத்தனையோ வாய்ப்புகள் வழியிலேயே வற்றிவிடுகின்றன.

ஆகவே நிருவாகப் பெருமக்களுக்கும், வாரி வழங்கும் முன்னாள் மாணவர்கட்கும் நம் வேண்டுகோள் இதுவே: அடுத்த நன்கொடை வழங்கும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பேணுதற்கென வைப்புநிதியாக ஒதுக்குக. அதன் வட்டியில் ஒரு வலையமைப்புக் காப்பாளரின் ஊதியத்திற்கு வலுச்சேர்க்குக. அவர் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டுவதில்லை. ஊதியப் பதிவேட்டில் நிலையாக எழுதினால் போதும். துறைத்தலைவர்கள் தத்தம் துறையின் கருவிகளைப் பட்டியலிட்டு இப்பருவ முடிவிற்குள் அளிப்பாராயின், பார் பார்க்கும் பணி தொடங்கிவிடும். தமிழ்த் துறையின் பட்டியலை முதலாவதாக ஒப்படைக்க நாம் அணியமாக உள்ளோம்.