கைவேலைக்குப் பரிசளிப்பவர் யார்?



நம் பெங்களூரில் ஒரு சகோதரி இரண்டு மாதங்கள் இரவில் கண்விழித்து, குரோஷா ஊசியால் மேஜை விரிப்பு ஒன்றைப் பின்னினார். கண்காட்சிப் போட்டியில் வைத்தார். ஆறுதல் பரிசும் கிடைக்கவில்லை. நூலையும் ஊசியையும் பரண்மேல் போட்டுவிட்டு, "முதல் பரிசு வாங்கின விரிப்பைத் திரும்பிப் பார்க்கவும் மனசு வரலை அக்கா" என்று அழுதார். தோல்வியைவிட, உள்ளே முளைத்த அந்தக் கசப்பே என்னைக் கலங்கச் செய்தது.

2023 ஜூலையில் நம் மாநிலத்து ஹம்பியில், ஜி20 கலாச்சாரக் கூட்டத்தின்போது லம்பாணிப் பெண்களின் கைவேலைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. சண்டூர் குசல கலா கேந்திரத்தைச் சேர்ந்த 450க்கும் மேற்பட்ட பெண்கள் உருவாக்கிய 1,755 கைவேலைகள் கின்னஸ் சாதனையாயின. துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு, கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைக்கும் வேலை அது. அங்கே முதலிடம், இரண்டாமிடம் என்று இல்லை. ஒருத்தியின் தையல் மற்றவளின் தையலைத் தோற்கடிக்கவில்லை. எல்லாம் சேர்ந்தே சாதனையானது.

வேதத்திலும் ஒரு கைவேலைக் கண்காட்சி உண்டு. யோப்பா பட்டணத்து மேல்வீட்டில் தொற்காள் மரித்துக் கிடந்தாள். அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 9:39). நடுவர் இல்லை, கோப்பை இல்லை. செய்தவள் காட்டவில்லை, பெற்றவர்களே காட்டினார்கள். இதைவிட மேலான பரிசு எது?

ஆசரிப்புக்கூடாரத்தைச் செய்த பெசலெயேலின் பெயர் நமக்குத் தெரியும். அதற்காக வெள்ளாட்டு மயிரைத் திரித்த ஸ்திரீகளின் பெயர்கள் தெரியாது. ஆனாலும் அவர்களுடைய உழைப்பை ஆவியானவர் எழுதிவைத்தார் (யாத்திராகமம் 35:25,26). பெயர் மறைந்திருந்தாலும் தேவனுடைய கண்களுக்கு ஒரு நூலிழையும் மறைவானதல்ல.

அப்படியானால் போட்டியில் கலந்துகொள்வது தவறா? இல்லை. நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீ தன் கைவேலையை விற்கவும் செய்தாள். உழைப்புக்குத் தகுந்த விலை கேளுங்கள். பரிசு கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஆனால் நடுவரின் மதிப்பெண், கர்த்தர் உங்கள் மேல் வைத்திருக்கும் மதிப்பு அல்ல. பிறர் வெற்றி உங்களைச் சுடுகிறதென்றால், ஊசியை அல்ல, இருதயத்தையே அவரிடம் ஒப்புக்கொடுங்கள்.

அந்தச் சகோதரி சில வாரங்களுக்குப் பின் பரணிலிருந்து பையை இறக்கினார். இப்பொழுது அவர் பின்னுவது, கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பிகள். பெங்களூரின் மார்கழிக் குளிர் நாம் அறிந்ததே. போட்டியில் வென்ற சகோதரியிடம் ஒரு புதிய பின்னலையும் கற்றுக்கொண்டார்!

பிரியமானவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? இந்த மாதமே அதை இறக்குங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கைகளுக்குத் திறமை தந்தவர் நீரே. பொறாமையை நீக்கி, எங்கள் கைகளின் கிரியையை உமக்கென்று ஏற்றுக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.