கட்டைக் காப்பவர் யார்?

குளக்கட்டின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டா. சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்குவதும் அத்தகையதொரு கட்டே. பிரேசில் நாட்டுப் புருமாடின்யோவில், 2019 ஜனவரி 25 இல் அவ்வாறான கட்டு உடைந்து 270 உயிர்களைக் கொண்டது. அது உறுதியானதென்று முந்திய ஆண்டிலேதான் சான்று வழங்கப்பட்டிருந்தது. வழங்கியவரோ சுரங்க நிறுவனத்திடம் ஊதியம் பெற்றவர்.

நம் நாட்டிலும் 1986 ஏப்பிரல் 20 இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 டிசெம்பர் வெள்ளத்திலே, இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்னும் வினா கிளிநொச்சியில் எழுந்தது.

கட்டை உடையவரோ அவரிடம் ஊதியம் பெறுபவரோ அதனைச் சோதித்தல் காவலாகாது. சார்பற்ற பொறியியலாளர் ஆண்டுதோறும் ஆராய்ந்து, கண்டதை ஊரறிய உரைத்தல் வேண்டும். கட்டின் கீழே உறங்குவோர்க்கே அதன் நிலையை அறியும் முதலுரிமை உண்டு.